மாசி பிறந்தால் வளவில் என்ன வேலை?

சென்ற வருடம் தை மாதக் கடைசியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தங்கச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வளவு மாமரத்தைக் காட்டினாள். நல்ல கறுத்தக்கொழும்பான் மரம். மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் இளங்கொழுந்து. பூ என்று சொல்ல ஒரு கொத்துக்கூட இல்லை.

"அக்கா, மார்கழியில மழை நிண்ட நாள் தொடக்கம் ஒரு நாளும் விடாமல் தண்ணி விட்டனான். பிறகும் ஏன் பூக்கேல்லை?" என்று கேட்டாள்.

தண்ணீர் விட்டதுதான் காரணம். மா பூப்பதற்கு முன் கொஞ்சக் காலம் வேர் காய வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருந்தால் மரம் பூவை விட்டுவிட்டு இலையைத் தள்ளும். எங்கள் ஊரில் தோட்டம் செய்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதை ஒருவரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. தகப்பன் மார்கழியில் மாமரத்துக்குத் தண்ணீர் விடாததைப் பார்த்தே பிள்ளை தெரிந்துகொள்ளும். இந்தப் பிள்ளைக்கு அப்படிப் பார்க்கக் கிடைக்கவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் தாயையும் தகப்பனையும் இழந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. பிறகு முகாம், அதன்பிறகு சிறுவர் இல்லம், அதன்பிறகு கலியாணம் செய்து எங்கள் ஊர். காணி இருக்கிறது, கிணறு இருக்கிறது, கையில் பலமும் இருக்கிறது. எந்த மாதத்தில் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று சொல்ல ஆள் இல்லை.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் விவசாயப் போதனாசிரியர் இல்லை. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து பதினாறு வயதில் வெளிக்கிட்டு, 2018 சித்திரையில் விடுவிக்கப்பட்ட காணிகளோடு திரும்பி வந்தவள். இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதி மல்லாகத்துக்குப் பக்கத்தில் ஒரு நலன்புரி நிலையத்தில் கழிந்தது. அம்மா அங்கேதான் 2013இல் காலமானா. பின்னேரங்களில் கொட்டிலுக்கு வெளியே இருந்துகொண்டு, இல்லாத தோட்டத்துக்கு மாதம் மாதமாக வேலை சொல்லிக்கொண்டிருப்பா. "இப்ப மாசி. இப்ப எங்கட வளவில எண்டால் சருகு போட்டு முடிஞ்சிருக்கும்" என்பா. எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். இன்று அந்தப் பேச்சை வைத்துத்தான் மூன்று பரப்பில் தோட்டம் செய்கிறேன்.

கனடாவில் இருக்கும் என் தங்கைக்கும் பங்குனி மாதத்தில் தோட்ட யோசனை வந்துவிடும். ரொறன்ரோவில் அப்போதும் நிலத்தில் பனி கிடக்கும். அவள் யன்னல் ஓரத்தில் சிறு கிண்ணங்களில் மிளகாய் விதை போட்டு, மே மாதக் கடைசியில்தான் வெளியே நடுவாள். அங்கே அது தோட்டம் விழிக்கிற காலம். இங்கே எங்களுக்கு மாரி முடிந்து, வாடைக்காற்று ஓய்ந்து, காலைப் பனி மெல்ல விலகுகிற காலம். மண்ணுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிறது. இனிச் சித்திரையில் ஒன்றிரண்டு மழை பெய்தால் உண்டு, மற்றப்படி ஐப்பசி வரை வானத்தை நம்ப முடியாது. யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடுகிறது. ஆகவே மாசியில் எங்களுக்கிருக்கும் முதல் வேலை, உள்ள ஈரத்தை ஓடவிடாமல் பிடித்து வைப்பது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். மீளக் குடியமர்ந்த காணிகளில் மாசிதான் பற்றை காய்கிற மாதம். காய்ந்த பற்றையைப் பார்த்தால் எவருக்கும் நெருப்புப் பெட்டியைத் தேடத்தான் மனம் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். மிதிவெடி அகற்றிக் கையளித்த காணியிலும் வேர்களுக்குள், பழைய மண் அணைக்குள், இடிந்த மலசலகூடக் குழிக்குள் ஒரு கைக்குண்டோ எறிகணையோ கிடக்கலாம். மண்வெட்டிக்கு அகப்படாமல் தப்பியது நெருப்புச் சூட்டில் வெடிக்கும். துப்புரவு செய்தபோது குப்பைக்கு நெருப்பு வைத்து, கையையும் கண்ணையும் இழந்தவர்களை வன்னியிலும் இங்கும் நாங்கள் எல்லோரும் அறிவோம். பற்றையை நிலத்தோடு வெட்டி, ஒரு பக்கத்தில் குவித்து உக்கவிடுங்கள். இதுவரை கொத்தாத இடத்தில் அலவாங்கும் பிக்கானும் போடாதீர்கள். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொட வேண்டாம், எறிய வேண்டாம், கிணற்றுக்குள் போட வேண்டாம். கிணற்றுக்குள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். தடியில் ஒரு துணியைக் கட்டித் தூரத்தில் அடையாளம் வைத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ சொல்லுங்கள். வந்து எடுக்கும்வரை அந்த மூலையில் தோட்டம் வேண்டாம். நான் ஒரு மூலையை நான்கு மாதம் அப்படியே விட்டிருந்தேன்.

எரிக்காமல் விட்ட பற்றைதான் அடுத்த வேலைக்கு உதவும். சருகு போடுதல் என்று அம்மா சொன்னதைப் போதனாசிரியர் பத்திரக்கலவை இடுதல் என்பார். இரண்டும் ஒன்றுதான். மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடியின் அடியைச் சுற்றி இலைகுழை, வைக்கோல், காய்ந்த புல் என்று கைக்கு அகப்பட்டதை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புவது. தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும், ஒட்டினால் தண்டு அழுகும், கறையானும் ஏறும். பூவரசங்குழை, கிளிசறிடியா, வேப்பங்குழை எல்லாம் நல்லது. விதை முற்றிய பற்றையை மட்டும் போடாதீர்கள். முதல் வருடம் நான் இதைப் பங்குனிக் கடைசியில் செய்தேன். அதற்குள் மண் காய்ந்து வெடித்துவிட்டது. காய்ந்த மண்ணுக்கு மேல் சருகு போட்டால் சிறு மழையையும் அது குடித்துவிடும், கீழே போகவிடாது. மாசி முதல் இரண்டு கிழமைக்குள் போட்டு முடியுங்கள். மாசி என்று நான் சொல்வது பெப்ரவரி நடுவில் பிறக்கிற மாசி. கலண்டரில் பெப்ரவரி முதலாம் திகதியிலேயே தொடங்கினாலும் ஒரு குறையுமில்லை.

களை பிடுங்கவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஈர மண்ணில் வேரோடு வரும். பங்குனியில் இழுத்தால் தலை மட்டும் கையில் வரும். முக்கியமாகப் பார்த்தீனியம். இந்திய அமைதிப் படையின் ஆடுகளோடு வந்தது என்று இங்கே பேசிக்கொள்வார்கள். எப்படி வந்தாலும் இன்று வெறுங்காணி எங்கும் அதுதான். வெள்ளைப் பூ வருவதற்கு முன்னால் பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். கையுறை இல்லையென்றால் பொலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள், மூக்கையும் மூடுங்கள். தோல் அரிப்பும் இழுப்பும் வரும். பூத்த செடியைக் கூட்டெருக் குவியலில் போடாமல், உரப் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வைத்து அவியவிடுங்கள்.

பாத்தியை மாற்ற வேண்டியதும் இப்போதுதான். இதைப் பலர் கவனிப்பதில்லை. மாரியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகாமல் இருக்க மேட்டுப்பாத்தி போடுகிறோம். அதே மேட்டைக் கோடையிலும் வைத்திருந்தால் நாலாபக்கமும் வெயிலும் காற்றும் பட்டு ஈரம் போய்விடும், ஊற்றுகிற தண்ணீரும் வழிந்து ஓடும். மாசியில் மேட்டை வெட்டிச் சரித்து, சுற்றவர வரம்பு கட்டி, நடு பதிந்த பாத்தியாக்க வேண்டும். துலா மிதித்துத் தண்ணீர் மாறிய காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் கோடைக்கு அப்படித்தான் செய்தார்கள். வீட்டுத்தோட்டத்துக்கு இரண்டு முழ அகலப் பாத்தி போதும், கை எட்டும்.

எங்கள் செம்பாட்டு மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் கீழே சுண்ணக்கல். ஆகவே சுண்ணாம்பு போடத் தேவையில்லை, அடுப்புச் சாம்பலையும் அளவோடுதான் போட வேண்டும். மண்ணில் இல்லாதது உக்கல். விடுவிக்கப்பட்ட காணிகளில் இன்னும் மோசம், ஏனென்றால் மேல் மண்ணை வழித்துத்தான் மண் அணைகள் கட்டப்பட்டன. எங்கள் வளவில் ஒரு பக்கம் கல்லுத் தெரிந்தது, மறுபக்கம் ஆள் உயரத்துக்கு மண் குவிந்து கிடந்தது. சொந்தக் காணியின் மண்ணை அதே காணியில் கடகத்தில் சுமந்து பரப்ப எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. உங்கள் காணியிலும் அணை இருந்தால், அதைச் சோதித்து உறுதிப்படுத்திய பிறகு, அந்த மண்ணை விற்காமல் பரப்புங்கள். ஆட்டுப் பட்டி வைத்திருப்பவர் யாராவது ஊரில் இருந்தால் மாசி, பங்குனி இரவுகளில் வெறுங்காணியில் பட்டி அடைக்கச் சொல்லிக் கேளுங்கள். எருவையும் சலத்தையும் சுமந்து வந்து போட வேண்டியதில்லை. 2021இல் இரசாயன உரம் தடைப்பட்டு ஊரெல்லாம் திண்டாடியபோது பட்டிக்காரருக்கு வந்த மரியாதையைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி மரங்கள். மா பூத்திருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். கிளை வெட்டாதீர்கள், பூ விரிந்திருக்கும்போது மருந்து அடிக்காதீர்கள். இலையானும் தேனீயும் வந்தால்தான் காய் கட்டும். பூவில் மா தூவியதுபோல வெள்ளையாகப் படர்ந்தாலோ, தத்துப்பூச்சி மொய்த்து இலையில் பிசுபிசுப்பு வந்தாலோ, ஒரு கொத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போதனாசிரியரிடம் போங்கள். கடைக்காரர் தருவதை வாங்கி அடிக்க வேண்டாம். பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகு தண்ணீர் தொடங்கலாம். அடியில் ஊற்றாமல், கிளை விரிந்த நிழலின் ஓரத்தில் வட்டமாக வாய்க்கால் போட்டு விட வேண்டும். வெட்டு வேலை எல்லாம் பழம் பறித்து முடிந்த பிறகு ஆடி, ஆவணியில்.

முருங்கைக்கு மாரியில் மயிர்க்கொட்டி பிடித்திருந்தால் இப்போது அடங்கியிருக்கும். காய்க்கத் தொடங்குகிற நேரம் என்பதால் அதையும் வெட்டாதீர்கள். காய் ஓய்ந்ததும் ஆள் உயரத்தில் தறித்து, வெட்டுவாயில் சாணி அப்பி விட்டால் கிளை பக்கவாட்டில் வெடிக்கும், அடுத்த முறை கொக்கத்தடி தேவைப்படாது. ஒரு சிலர் இப்போது வேலிக்குக் கதியால் நடுகிறார்கள். கிளுவையோ பூவரசோ, கதியால் நடுவது புரட்டாசி, ஐப்பசி வேலை. மாசியில் நட்டால் நாள்தோறும் தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைக்க வேண்டும். ஆனால் இருக்கிற வேலியை அடைக்க இதுதான் காலம். வைகாசியில் சோளகம் எழும்பினால் பயிரிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். தெற்கு, மேற்குப் பக்க வேலியைக் கிடுகாலோ பனையோலையாலோ அடைத்தவர் வளவில் செடி வாடுவது குறைவு. வேலி எங்களுக்கு மறைப்புக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். தகரம் அடித்து மறைத்த வருடம் தகரச் சூட்டில் அதன் ஓரத்தில் நின்ற பயற்றை கருகியபோதுதான் விளங்கியது.

தென்னையில் அண்மைய ஆண்டுகளில் வெள்ளை ஈ பெரிய தொல்லை. மழை அதைக் கழுவிக்கொண்டிருக்கும், மழை நின்றால் பெருகும். கீழோலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல இருந்தால், எட்டுகிற மரங்களுக்குக் குழாயால் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுவது பலன் தருகிறது. தேங்காய் உரித்த பொச்சுமட்டையை விறகுக்கு விற்காமல், மரத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் கிடங்கு வெட்டித் தாழ்த்து விடுங்கள். மாரி ஈரத்தை அது பிடித்து வைத்திருக்கும். வாழையில் தாய் மரத்தோடு ஒரு குட்டியை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிளப்புங்கள், குசினித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

ஆவணியில் பனம்பாத்தி போட்டவர்கள் கிழங்கு கிண்டியிருப்பீர்கள். இன்னும் கிண்டவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம், இலை விரிந்தால் கிழங்கு தும்பாகும். மாசி வெயில் ஒடியல் காயப்போட நல்ல வெயில். மழைப் பயமில்லை, சூடும் அளவு. பங்கருக்கும் காவலரணுக்கும் எங்கள் பக்கத்தில் தறித்த பனைக்குக் கணக்கில்லை. கிண்டும்போது பாத்தி ஓரத்தில் ஒரு வரிசையைக் கிண்டாமல் விடுங்கள் என்று கேட்பேன். பலன் தர பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். நட்டவர் நுங்கு குடிப்பாரோ தெரியாது, ஆனால் எல்லையில் ஒரு மரம் நின்றால் காணிச் சண்டை குறையும்.

மரக்கறியில் இப்போது போட ஏற்றவை வெண்டி, பயற்றை, பூசணி, பாகல், கீரை வகைகள். வெண்டி விதையை இரவு ஊறவைத்துக் காலையில் ஊன்றுங்கள். கத்தரியும் மிளகாயும் மாரியில் நட்டது நின்றால், காய்த்துக் களைத்த கிளையைக் கவாத்துப் பண்ணி எரு போட்டால் இன்னொரு முறை தளிர்க்கும். இலை சுருண்டு குறுகிப்போன மிளகாயை மட்டும் வைத்திருக்காதீர்கள், பிடுங்கி விடுங்கள், பக்கத்துச் செடிக்கும் தொற்றும். நாற்றுமேடைக்கு மேல் ஒரு கிடுகை நான்கு தடியில் வைத்தால் நடுப்பகல் வெயிலுக்குப் போதும். முளைக்கீரையை ஒரே நாளில் எல்லாம் விதைக்காமல் கிழமைக்கு ஒரு சிறு பாத்தியாக விதைத்தால் வீட்டுக்கு நாள்தோறும் ஒரு பிடி கிடைக்கும். 2022இல் கறிக்கு ஒன்றுமில்லாத நாட்களில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடு அந்த முறையில்தான் சமாளித்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மாசியில் கிணறு நிரம்பி நிற்பதைப் பார்த்து மோட்டரைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறோம். எங்கள் கிணற்றில் ஊறுவது தூரத்து ஆற்றுத் தண்ணீர் அல்ல. இந்தச் சுண்ணக்கல்லில் பெய்த மழை, கீழேயிருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேல் படலமாக மிதக்கிறது. மேலே உள்ளதை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழே உள்ளது ஏறும். உவர் ஏறிய கிணறு மீள எத்தனை மாரி வேண்டுமோ. காலை வெயிலுக்கு முன் அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேர் நனைய ஊற்றுங்கள். நாள்தோறும் மேலால் தெளித்தால் வேரும் மேலேயே நின்றுவிடும், ஒரு நாள் தவறினால் செடி சோர்ந்துவிடும். பூசணி, பாகல் குழிகளில் மண் முட்டி ஒன்றைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வையுங்கள். முட்டி கசிந்து தேவையான அளவு கொடுக்கும். சூளையில் வெந்த சாதாரண முட்டி, வெளியே பெயின்ற் பூசாதது. கிணறு கலக்கி இறைக்கும் வேலையை ஆவணிக்கு வைத்திருங்கள். முப்பது வருடம் குப்பையும் கல்லும் கொட்டிக் கிடந்த கிணறுகளை மட்டும், மேலே சொன்ன காரணத்துக்காக, சோதிக்காமல் ஒருவரையும் உள்ளே இறங்கவிடாதீர்கள்.

கடைசியாக விதை. 1990இல் வெளிக்கிட்டபோது அம்மா காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் எடுத்தா, நகையை எடுத்தா. குசினிப் பறணில் சாம்பலோடு கலந்து வைத்திருந்த விதைப் போத்தல்களை எடுக்கவில்லை. ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தா. நீளமான பச்சைக் கத்தரி ஒன்று, வரிவிழுந்த பயற்றை ஒன்று, அவவின் தாய் வழியாக வந்தவை. எங்கே கேட்டும் எனக்கு அவை கிடைக்கவில்லை. இன்று கடையில் வாங்குகிற பல விதைகள் ஒரு போகத்துக்கு மட்டும்தான், அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போல வராது. ஆகவே யாரிடமாவது நாட்டு விதை இருந்தால் மாசியில் விதை எடுங்கள். நோயில்லாத நல்ல செடியாகப் பார்த்து, நடுவில் காய்த்த இரண்டு காய்க்கு நூல் கட்டிவிட்டு, அதைக் கறிக்குப் பறிக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். முற்றிப் பழுத்த பின் விதையைக் கழுவி நிழலில் காயவிட்டு, ஆறிய சாம்பலோடு கலந்து கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். போத்தலில் பெயரும் வருடமும் எழுதுங்கள். அடுத்த வீட்டுக்கும் ஒரு பிடி கொடுத்து வைத்தால், உங்களுடையது கெட்டாலும் அங்கே இருக்கும்.

அந்தத் தங்கச்சி இம்முறை கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் மாமரத்துப் பக்கம் வாளியைக் கொண்டுபோகவில்லை. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வந்து, வடக்குக் கிளையில் நான்கைந்து கொத்து வந்திருக்கிறது, மற்றப் பக்கம் இன்னும் மொட்டாக இருக்கிறது என்று சொன்னாள். எப்போது தண்ணீர் தொடங்குவது என்று கேட்டாள். பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வரட்டும், அதுவரைக்கும் சருகைப் போட்டு முடி என்றேன்.